ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையம்: இலவசம்தான், ஆனால் வெறும் வயிற்றோடு போங்கள்

35 வயதைத் தாண்டியவர்களுக்கு நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற தொற்றா நோய்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் இலங்கை அரச சேவை இது. 2011இல் தொடங்கியது. காசு வாங்குவதில்லை. கொழும்பில் தனியார் ஆய்வுகூடத்துக்குக் கொடுக்க வசதியில்லாத குடும்பங்களுக்கு இது பெரிய உதவி.

பலர் வீணாகத் திரும்பி வருவது சீனி போட்ட பிளேன்டீயால். பரிசோதனைக்கு முன் குறைந்தது 8 மணித்தியாலம் எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். ஒரு வாய் இனிப்புத் தேநீர் போதும், இரத்தத்தில் சீனி அளவு பொய்யாக ஏறிவிடும். அழுத்தம் பார்க்க முன் 5 நிமிடம் அமைதியாக உட்காருங்கள். படியேறிய மூச்சோடு கையை நீட்டினால் அதுவும் கூடத்தான் காட்டும். வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 100 முதல் 125 மி.கி./டெசிலீட்டர் வரை என்றால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. 126ஐத் தொட்டால் மறுபரிசோதனை வேண்டும்.

ஆலோசனைப் பகுதியை அவசரப்பட்டுத் தவிர்க்காதீர்கள். நாளுக்கு உப்பு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிதான். கருவாடு, அப்பளம், ஊறுகாய் எல்லாம் அதற்குள் அடக்கம்.

பெரிய குறை நேரம். வார நாள் காலையில் மட்டும் திறந்தால் கொழும்பு கொட்டாஞ்சேனை நாட்கூலிக்காரர் எப்படி வருவார்? ஆண்கள் குறைவாக வருவதற்கு இது முக்கிய காரணம். தொழிலிடத்துக்கே வரும் நடமாடும் பரிசோதனை இன்னும் கூட வேண்டும்.