என்95-ஆ, ரப்பர் மாஸ்க்கா: அடுத்த தொற்றுக்கு முன்பே எதை வாங்கி வைப்பது?

எங்கள் வீட்டில் சிறுநீரக மாற்று செய்துகொண்ட அம்மா இருக்கிறார். புதுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்காமலிருக்க அவர் தினமும் போடும் மாத்திரைகள் நோய் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே அடக்குகின்றன. தடுப்பூசியும் அவருக்கு மற்றவர்கள் அளவுக்குக் கைகொடுக்காது. வெளியே போய்வரும் நான் எந்தத் தொற்றையும் வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாது என்பதற்காகவே ரப்பர் மாஸ்க்கை வாங்கினேன். பெயின்டர்கள் போடுவார்களே, இரண்டு கன்னத்திலும் வட்ட ஃபில்டர் வைத்தது, அதுதான். அதன் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன்.

அடுத்த கிருமி வௌவாலிடமிருந்து வரலாம், ஆய்வுக்கூடத்திலிருந்து கசியலாம், மரபணுவைத் திருத்தி யாரோ வேண்டுமென்றே உருவாக்கியதாகவும் இருக்கலாம். கோவிட் வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரியிலேயே வெளியானது. ஃபைசர் தடுப்பூசிக்கு பிரிட்டன் அனுமதி தந்தது டிசம்பரில். அதுவே அதுவரை காணாத வேகம். அந்த மாதங்களைக் கடக்க நமக்கு ஏதாவது வேண்டும். காற்றில் வருவது எந்தக் கிருமியானாலும், அதன் பெயர் தெரியாமலே ஃபில்டர் தடுக்கும்.

சர்ஜிக்கல் மாஸ்க்கை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. பக்கவாட்டில் காற்று தாராளமாகப் புகும்.

என்95 குறைந்தது 95 சதவீதத் துகள்களைப் பிடிக்கும்; ரப்பர் மாஸ்க்கில் மாட்டும் பி100 ஃபில்டர் 99.97 சதவீதம். இந்த எண்களுக்காக நான் முடிவெடுக்கவில்லை. ஓரத்தில் இடைவெளி இருந்தால் இரண்டுமே வீண். தாடி இருந்தாலும் அப்படியே.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. என்95-இன் பாலிப்ரொப்பிலீன் இழைகளில் ஏற்றியிருக்கும் நிலைமின்னூட்டம்தான் நுண்துகள்களை இழுத்துப் பிடிக்கிறது. சோப்பில் அலசினாலோ ஸ்பிரிட் தெளித்தாலோ அது போய்விடும். பார்க்க மட்டும் புதிது போலவே இருக்கும். கழற்றிக் கழற்றி மாட்டினால் நாடா தளர்ந்து பிடிப்பும் குறையும். ஆகவே மூட்டை மூட்டையாக வாங்கி வைக்க வேண்டும், அதற்கும் காலாவதித் தேதி உண்டு. 2020-ல் காசு கொடுத்தும் கிடைக்காமல் மருத்துவர்களே ஒரே மாஸ்க்கை நாள்கணக்கில் போட்டார்கள்.

ரப்பர் மாஸ்க்கில் ஃபில்டரைக் கழற்றிவிட்டு முகப்பகுதியை மிதமான சோப்பு, வெதுவெதுப்பான நீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். மூச்சு வெளியேறும் வால்வின் மெல்லிய மடலை மட்டும் ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுங்கள். அதனடியில் ஒரு முடி சிக்கினாலும் வெளிக்காற்று உள்ளே வரும். நாடா, வால்வு, ஃபில்டர் எல்லாம் தனித்தனியாக வாங்கி மாற்றலாம். நமக்கு வேண்டிய கிருமிப் பாதுகாப்புக்கு, ஃபில்டர் அழுக்காகும்வரை, சேதமாகும்வரை, அல்லது மூச்சிழுக்கக் கடினமாகும்வரை அதே ஜோடி ஓடும். மெத்தென்ற வட்ட ஃபில்டர் நனையக்கூடாது. கெட்டி பிளாஸ்டிக் உறை போட்டது கிடைத்தால் அதையே வாங்குங்கள், வெளிப்புறத்தைத் துடைக்கலாம். அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவமனை 2009 பன்றிக்காய்ச்சல் காலத்து என்95 தட்டுப்பாட்டில் ரப்பர் மாஸ்க்குக்குத்தான் மாறியது.

முதலில் செலவு கூடுதல். குரல் அமுங்கும்; பேருந்தில் டிக்கெட் கேட்கக்கூட இரண்டு முறை சொல்ல வேண்டும். முகத்துக்கேற்ற அளவு பார்த்து வாங்க வேண்டும். என் அனுபவம் பேருந்து, கடைத்தெரு, மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம் வரைதான்; நாள் முழுக்கப் போட்டு வேலை செய்பவர்களுக்கு எப்படியிருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இரண்டுமே தடுக்காதது வாயு. 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் பரப்பிய சாரின் போன்றதற்குத் துகள் ஃபில்டர் உதவாது. அதற்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் வேண்டும், சாரின் தோல் வழியாகவும் ஏறும். அந்தப் பக்கம் நான் போகவில்லை.

ஒரே இடத்தில் என்95-க்கு என் ஓட்டு. பெரும்பாலான ரப்பர் மாஸ்க்குகளில் நாம் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் வால்வு வழியே போகும். எனக்கே சளி, காய்ச்சல் என்றால் அம்மா இருக்கும் அறைக்குள் வால்வு இல்லாத என்95 போட்டுத்தான் நுழைகிறேன். அதற்காக ஒரு பெட்டி எப்போதும் வீட்டில் இருக்கிறது.