ஃபயர்ஃபாக்ஸ்: ஆறு மாதப் பழக்கத்துக்குப் பிறகு

மாமியாருக்காக இரத்த அழுத்தமானி ஒன்றை இணையத்தில் தேடிய மறுநாளிலிருந்து, நான் செய்தி படிக்கும் தளத்திலும் சமையல் குறிப்புப் பார்க்கும் தளத்திலும் இதய நோய்க் காப்புறுதி விளம்பரங்கள் வரத் தொடங்கின. கருவி வாங்கியது அவருக்கு. நோயாளியாகக் கணக்கில் ஏறியது நான். அந்த எரிச்சலில்தான் பல ஆண்டுகளாகப் புழங்கிய உலாவியை விட்டுவிட்டு மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறினேன்.

இரண்டு தளங்களிலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் பதிந்திருந்தால், அது நம் கணினியில் இட்டுவைக்கும் குக்கீ என்ற சிறு அடையாளக் கோப்பைக் கொண்டு, இங்கே வந்தவரும் அங்கே வந்தவரும் ஒருவரே என்று கண்டுகொள்ளும். ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் கணினிகளில் ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனியே அடைத்து வைக்கிறது. அஞ்சறைப் பெட்டியில் கடுகும் சீரகமும் கலக்காமல் கிடப்பதைப் போல, ஒரு தளத்தில் இட்ட அடையாளம் இன்னொரு தளத்தில் செல்லுபடியாகாது. நாம் எதையும் முடுக்கிவிட வேண்டியதில்லை என்பதே இதில் எனக்குப் பிடித்தது, ஏனெனில் அமைப்புகளைத் திறந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே. ஆப்பிளின் சஃபாரியும் 2020 முதல் இத்தகைய பிறதளக் குக்கீகளை இயல்பாகவே தடுத்துவருகிறது. குரோமிலிருந்து அவற்றை நீக்கப்போவதாக அதே 2020இல் அறிவித்த கூகல், 2024இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. வருமானத்தின் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வரும் நிறுவனம் இப்படி முடிவெடுத்ததில் வியப்பில்லை.

விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சியின் (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) முழு வடிவம் ஃபயர்ஃபாக்ஸில் இன்னும் இயங்குகிறது, ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும்கூட. சிங்கப்பூர் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் உள்நுழைவிலும் வங்கித் தளத்திலும் எனக்குச் சிக்கல் வந்ததில்லை. ஒரு கடையின் கட்டணப் பக்கம் மட்டும் திறக்க மறுத்ததால், அதற்காக வேறோர் உலாவியையும் வைத்திருக்கிறேன். உலாவியின் பட்டியல்களை (மெனு) தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதால் மாமியாரின் மடிக்கணினியில் அப்படியே அமைத்துக் கொடுத்தேன். ஆங்காங்கே ஆங்கிலம் தலைகாட்டுவதை அவர் பொருட்படுத்தவில்லை.

குறைகளும் உண்டு. மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு, கூகலை இயல்புத் தேடுபொறியாக வைத்திருப்பதற்காகக் கூகலே தரும் பணம். காவலாளிக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றுகிறது. பயனர் தரவை ஒருபோதும் விற்கமாட்டோம் என்று எழுதியிருந்த வாசகத்தை 2025 பிப்ரவரியில் அவர்கள் நீக்கியபோது எழுந்த கண்டனமும் நியாயமானதே. விற்பனை என்ற சொல்லுக்குச் சில இடங்களின் சட்டங்கள் தரும் விரிந்த பொருளே காரணம் என்ற அவர்களது விளக்கம் என்னைப் பாதிதான் சமாதானப்படுத்தியது.

உலாவிகளில் உள்ள தனிப்பட்ட சாளரத்தை (private window) பலர் மறைவிடம் என்றே நம்புகிறார்கள். எந்த உலாவியில் திறந்தாலும் அது முக்கியமாக நம் கருவியில் மிஞ்சும் உலாவல் வரலாற்றையும் குக்கீகளையும்தான் அழிக்கும். நாம் எந்தத் தளங்களுக்குச் சென்றோம் என்பதை அலுவலக வலையமைப்பும் தொலைத்தொடர்பு நிறுவனமும் அறிய முடியும். கணக்கில் உள்நுழைந்துவிட்டால் அந்தத் தளத்துக்கு நாம் யாரென்று தெரிந்துவிடும், அங்கே எந்த உலாவியும் உதவாது.

ஐபோன் வைத்திருப்போருக்கு இந்த மாற்றத்தால் கிடைக்கும் பயன் குறைவு. சிங்கப்பூரில் ஐபோனுக்கு வரும் எல்லா உலாவிகளும் உள்ளே பக்கங்களைத் திரையில் காட்டும் ஆப்பிளின் வெப்கிட் பொறியில்தான் ஓடுகின்றன. கணினியில் உள்ள நீட்சிகளும் ஐபோன் ஃபயர்ஃபாக்ஸில் கிடையாது. என் மனைவியின் கைப்பேசியில் சஃபாரியை அப்படியே விட்டுவிட்டேன்.