பெட்டி பிரிக்காத ஷூவும் பாதி மலையில் உதிர்ந்த சோலும்

'பழைய ஸ்டாக், ஆனால் ஒருமுறைகூடப் போடாதது' என்று பாதி விலைக்கு மலையேற்ற ஷூ கிடைக்கிறதா? வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தேன். ஏமாந்ததில் என் அவசரத்துக்கும் பங்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இணையத்தில் விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். நல்ல கம்பெனி ஷூ. மேல்பக்கம் முழுத் தோல், அடியில் ஆழமான பற்கள் வைத்த ரப்பர், கீறல் ஒன்றுகூட இல்லை. போட்டு வீட்டுக்குள் நாலு நடை நடந்து பார்த்தேன், காலுக்குக் கச்சிதம். அதோடு சோதனை முடிந்ததாக நினைத்துக்கொண்டது என் முட்டாள்தனம்.

மூன்றாம் நாள் நண்பர்களோடு ஒரு காட்டுப் பாதைக்குப் போனோம். போக வர 14 கிலோமீட்டர், ஏற்றம் 700 மீட்டர். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் எங்களுக்குச் சுமார் 4 மணி நேரம். உட்கார, சாப்பிட, படம் எடுக்க எல்லாம் சேர்த்தாலும் காலை 9 மணிக்குக் கிளம்பி இரண்டரைக்குள் திரும்பிவிடலாம் என்பது திட்டம். ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. உச்சியில் அரை மணி நேரம் மேகம் விலகி விலகி மூடியதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இறங்க ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்திலேயே இடது குதிகாலில் சேறு அப்பிக்கொண்டதுபோல இருந்தது. கல்லில் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. பின்னால் வந்த நண்பன், "டேய், உன் ஷூவிலிருந்து ஏதோ உதிர்ந்துகிட்டே வருது" என்றான். திரும்பிப் பார்த்தால் பாதை நெடுக, காய்ந்த கேக்கைப் பிசைந்து போட்டதுபோலக் கறுப்புத் துணுக்குகள். அடி ரப்பர் அப்படியே இருக்கிறது, மேல் தோலும் அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மிட்சோல் மட்டும் மாவாகிவிட்டது. பத்து நிமிடத்தில் ரப்பர் தனியாகக் கழன்று வந்தது. வலது கால் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தது. இரண்டும் ஒரே வயது என்பதால் ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே போகும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ரப்பரை அடியில் வைத்து ஷூ லேசால் சுற்றிக் கட்டினோம். கல்லில் தேய்ந்து லேஸ் அறுந்தது. முதலுதவிப் பெட்டியில் இருந்த டேப் ஈரத்தில் ஒட்டவே இல்லை. கடைசியில் பையின் வாரைக் கழற்றிக் கட்டியதுதான் ஓரளவு நின்றது. பற்கள் இல்லாத வழுவழுப்பான அடியோடு ஈர வேர்மேல் கால் வைப்பது எப்படி இருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை. செங்குத்தான இடங்களில் உட்கார்ந்து சறுக்கித்தான் இறங்கினேன். வண்டி நிறுத்திய இடத்துக்கு வந்து சேரும்போது மணி ஆறேகால். வெட்டவெளியில் வெளிச்சம் மிச்சம் இருந்தாலும் மரத்தடியில் அதற்கு முன்பே இருட்டிவிட்டது. ஒருவன் பையில் தலைவிளக்கு இருந்ததால் பிழைத்தோம்.

வீட்டுக்கு வந்ததும் தயாரிப்புத் தேதியைத் தேடினேன். வழக்கமாக ஷூ லேசுக்கு அடியில் இருக்கும் நாக்கின் உட்பக்கம் ஒரு துணிச் சீட்டில் அச்சடித்திருப்பார்கள். என் ஷூவில் அந்தச் சீட்டு இருந்த இடத்தில் தையல் மட்டும் மிச்சம், சீட்டைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஸ்டிக்கர்மேல் ஸ்டிக்கர். மேலே இருந்ததை உரித்தால் அடியில் தேதி இருக்கிறது: ஏழு வருடத்துக்கு முந்தையது. தெரியாமல் விற்றார்கள் என்று இனி யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

விஷயம் இதுதான். இந்த மாதிரி ஷூக்களின் மிட்சோல் பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரை. சுமை தாங்கும், சீக்கிரம் அமுங்காது, அதனால்தான் அதைப் போடுகிறார்கள். ஆனால் காற்றிலுள்ள ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக அதன் பிணைப்புகளை உடைக்கும். நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் நடக்கும், வெப்பமும் ஈரமும் உள்ள கிடங்கில் இன்னும் வேகமாக நடக்கும். தொடர்ந்து போட்டு நடந்தால் மெதுவாகும் என்று ஷூ தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். ஆக, 'போடவே இல்லை' என்பது இங்கே பெருமையே இல்லை. ஓட்டத்துக்கான ஷூக்களில் அதிகம் வரும் இவிஏ (EVA) என்ற வேறு வகை நுரை இப்படிப் பொடியாகாது, அமுங்கித் தட்டையாகும், அவ்வளவுதான்.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். "மண்ணிலும் ஈரத்திலும் நடந்திருப்பீர்கள்" என்று முதல் பதில். மலையேற்ற ஷூவை வேறு எங்கே போட்டு நடப்பது, வரவேற்பறையிலா? அடுத்த பதில், பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்பது. பெட்டி ஸ்டிக்கரின் படத்தை அனுப்பிய பிறகு பதிலே இல்லை. செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனால், பசை ஒட்டுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை, தொட்டால் பொடிதான் வருகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பணம் கொடுப்பதற்கு முன்பே நாக்குச் சீட்டின் படத்தைக் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஐந்து வருடம் தாண்டியதை நான் இனி மலைக்கு வாங்கமாட்டேன். கைக்கு வந்ததும் மிட்சோலைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், முன்பகுதியை நன்றாக வளைத்துப் பாருங்கள். மயிரிழைச் சுருக்கமோ, பிசுபிசுப்போ, பொடியோ தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஆனால் அழுத்திப் பார்ப்பதை மட்டும் நம்பவும் வேண்டாம். வெளியே திடமாக இருந்து உள்ளே உளுத்துப்போனதும் உண்டு, என்னுடையது அப்படித்தான் இருந்தது. நாலைந்து நாள் வீட்டுக்குப் பக்கத்திலேயே போட்டு நடந்துவிட்டு அப்புறம் காட்டுக்குப் போங்கள். பரணில் பல வருடமாகக் கிடக்கும் உங்கள் சொந்த ஷூவுக்கும் இதே சோதனைதான்.

அவர் விற்கும் இணையப் பக்கத்தை நேற்றும் போய்ப் பார்த்தேன். அதே மாடல், அதே படம், என் அளவுக்கு அடுத்த அளவு. 'பெட்டி பிரிக்காதது' என்ற வரியும் அப்படியே இருக்கிறது.