நாலு ஜிபி என்று தலையில் கட்டிய கார்டு

கடையில் யாராவது "ஜிடி 730, 4 ஜிபி, 128 பிட்" என்று ஒரு கிராஃபிக்ஸ் கார்டை எடுத்து நீட்டினால் கையை நீட்டாதீர்கள். நான் 4,600 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதுவும் 128 பிட்தான் வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அக்கா மகனுக்கு ஓர் ஆபீஸில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்திருந்தோம். ஐ5-3470 ப்ராசசர், ஒற்றை 8 ஜிபி ரேம், சின்ன பவர் சப்ளை. படிக்க, யூடியூப் பார்க்க நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. பத்தாவது பரீட்சை முடிந்ததும், "மாமா, வேலரண்ட், ஜிடிஏ 5 ரெண்டும் ஓடுற மாதிரி ஒரு கார்டு மட்டும் போட்டுக் கொடு" என்று ஆரம்பித்தான். வேலரண்டில் திரையில் நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், வர என்ன வேண்டும் என்று அந்த கேமைச் செய்தவர்களே போட்டிருக்கும் பட்டியலைச் செல்போனில் காட்டினான். ஜிடி 730 என்றுதான் இருந்தது. சரி, பெரிய செலவில்லை என்று கிளம்பினேன்.

கிளம்புவதற்கு முன் நானும் ஒரு ராத்திரி உட்கார்ந்து வீடியோ பார்த்தேன். அதில் ஒன்று மனதில் பதிந்துவிட்டது: 64 பிட் மட்டம், 128 பிட் உசத்தி. அந்த ஒன்றை மட்டும் முடிந்து வைத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன்.

கடைக்காரர் முதலில் ஒரு 2 ஜிபி கார்டைத்தான் எடுத்து வைத்தார். ஜிடி 730-தான், ஜிடிடிஆர்5 மெமரி, 64 பிட். நான் உதட்டைப் பிதுக்கி, "64 பிட்டெல்லாம் வேண்டாம், 128 இருக்கா?" என்றேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். "சார் விவரம் தெரிஞ்சவரு" என்று பையனிடம் சொல்லி உள்ளேயிருந்து இன்னொரு பெட்டியை வரவழைத்தார். பெட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு '4 ஜிபி' என்று அச்சடித்திருந்தது. "அதே 730, அதைவிட டபுள் சார். எந்த கேமும் ஓடும்." பில்லில் 'கிராஃபிக்ஸ் கார்டு 4 ஜிபி - 1' என்று மட்டும் எழுதினார். மாடல் பெயர் இல்லை. நானும் கேட்கவில்லை.

கார்டு போடுவதற்கு முன் ஜிடிஏ 5 தட்டுத் தடுமாறி 10, 12 ஃப்ரேமில் ஓடிக்கொண்டிருந்தது. போட்ட பிறகு, எல்லா செட்டிங்கையும் அடிமட்டத்தில் வைத்து, 720பி-யில் 20-ஐத் தொட்டது. காரை ஒரு திருப்பத்தில் ஒடித்தால் 14. பையன் ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்லை மாமா" என்றான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கு ராத்திரி ஜிபியு-இசட் என்ற சின்ன இலவச மென்பொருளை இறக்கிப் பார்த்தேன். இதைக் கடையிலேயே பார்த்திருக்க வேண்டும். சிப் என்ற இடத்தில் ஜிஎஃப்108. ஷேடர், அதாவது சிப்பில் கணக்குப் போடும் கோர், 96. மெமரி ஜிடிடிஆர்5-ஐவிட மெதுவான டிடிஆர்3, 4096 எம்பி. பேண்ட்விட்த், அதாவது மெமரி தள்ளும் அளவு, நொடிக்கு 28.8 ஜிபி.

தேடிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. 2014-ல் வந்த ஜிடி 730 ஒரே கார்டு இல்லை. ஒரே பெயரில் மூன்று. இரண்டில் இருப்பது கெப்ளர் தலைமுறை சிப், 384 கோர். மூன்றாவதில் இருப்பது அதற்கும் முந்தைய ஃபெர்மி தலைமுறை சிப்பான ஜிஎஃப்108, வெறும் 96 கோர். 2010-ல் ஜிடி 430 என்ற பெயரில் வந்த கார்டில் இருந்த அதே சிப்தான். 128 பிட் இருப்பது அந்த மூன்றாவதில் மட்டும். நான் மட்டம் என்று தள்ளிய 64 பிட் கார்டில் கோர் நாலு மடங்கு. அதன் ஜிடிடிஆர்5 மெமரி ஓடுகிற ஓட்டத்தில், பாதை பாதிதான் என்றாலும் நொடிக்கு 40 ஜிபி தள்ளும். பிட் என்பது பாதையின் அகலம் மட்டுமே. அதில் வண்டி என்ன வேகத்தில் போகிறது என்பதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். எனக்கு அகலம் மட்டும்தான் தெரிந்திருந்தது.

இந்த 4 ஜிபி கதையும் அப்படித்தான். மொட்டை மாடியில் நாலாயிரம் லிட்டர் டேங்க் வைத்துவிட்டு அரை இன்ச் குழாயில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி. நொடிக்கு 28.8 ஜிபி என்றால், அந்த 4 ஜிபி முழுவதையும் நொடிக்கு ஏழு தடவைதான் படித்து முடிக்கலாம். 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது அரை ஜிபிகூட இல்லை. மிச்சத்தை வைத்து என்ன செய்வது? இன்னொரு வேடிக்கை, அந்தப் பழைய கம்ப்யூட்டரில் டிடிஆர்3-1600 ரேம் இரண்டு போட்டால் அதுவே நொடிக்கு 25.6 ஜிபி வரும்.

கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவரும் புதிதாகக் கிடையாது. ஃபெர்மிக்கு, அந்த சிப்பைச் செய்த என்விடியா 2018-லேயே புது டிரைவர் விடுவதை நிறுத்திவிட்டது. 391.35-தான் கடைசி. வல்கன் என்ற புதிய கிராஃபிக்ஸ் முறையைக் கேட்கும் கேம்கள் இதில் திறக்கவே திறக்காது.

மறுநாள் பெட்டியோடு கடைக்குப் போனேன். நான் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கதானே சார் 128 பிட் கேட்டீங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பெட்டியில் டிடிஆர்3 என்று சின்னதாகப் போட்டுத்தான் இருந்தது. கார்டில் பழுதும் இல்லை. ஏமாந்ததற்கு எந்தக் காகிதத்திலும் ஆதாரம் இல்லாதபடி ஏமாந்திருந்தேன்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. "இதை வச்சுட்டு மேல 2,500 கொடுங்க, 1050 டிஐ தரேன், ரீஃபர்பிஷ்டு" என்று பெட்டி இல்லாத ஒரு கார்டை எடுத்து வைத்தார். நியாயமான பேரம் போலத்தான் தெரிந்தது. கார்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் நீல நிறத்தில் விஜிஏ போர்ட், பழைய மானிட்டர் மாட்டுகிற இடம். 1050 டிஐ கெப்ளருக்கும் பிந்தைய பாஸ்கல் தலைமுறை. அந்தத் தலைமுறையில் விஜிஏ-வுக்கான அனலாக் சிக்னலையே எடுத்துவிட்டார்கள். அப்புறம் எப்படி அந்த போர்ட்? பல 1050 டிஐ கார்டுகளுக்குத் தேவையே இல்லாத 6 பின் பவர் சாக்கெட்டும் மேல் விளிம்பில் இருந்தது. பழைய ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டுகளின் பயாஸை, அதாவது கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளை, மாற்றி எழுதி, விண்டோஸில் 1050 டிஐ என்று காட்டும்படி செய்து விற்பது பல வருடமாக நடக்கிறது. ஜிபியு-இசட்டில் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்றே போட்டுக் காட்டும் வசதி 2018-லேயே வந்துவிட்டது. "உங்க கம்ப்யூட்டரில் போட்டு ஜிபியு-இசட் ஓட்டிக் காட்டுங்க" என்றேன். டெஸ்ட் மெஷின் சர்வீஸுக்குப் போயிருக்கிறதாம். கார்டு மறுபடி மேசைக்கு அடியில் போய்விட்டது.

கடைசியில் செகண்ட் ஹேண்டில் ஒரு நிஜ 1050 டிஐ கிடைத்தது. விற்றவர் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தேன்: சிப் ஜிபி107, ஷேடர் 768, பேண்ட்விட்த் நொடிக்கு 112 ஜிபி. அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்த பிறகே காசை எடுத்தேன். 75 வாட்டுக்குள் அடங்குவதால் மதர்போர்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்கிறது, பவர் சப்ளையை மாற்ற வேண்டியிருக்கவில்லை. (கேஸ் ஒல்லியாக இருந்தால் பாதி உயரக் கார்டுதான் நுழையும், ஸ்கேலை வைத்து அளந்துவிட்டுப் போங்கள்.) ஜிடிஏ 5 இப்போது 1080பி-யில் 60-ஐ ஒட்டி ஓடுகிறது.

பழைய 730-ஐ வீணாக வைத்திருப்பானேன், விற்றுவிடு என்று அக்கா சொன்னாள். ஆப்பில் போட்டேன். ஃபெர்மி சிப், 96 கோர், டிடிஆர்3, கேம் விளையாட ஆகாது, இரண்டாவது மானிட்டர் மாட்டிக்கொள்ளலாம், விலை 900 என்று உள்ளது உள்ளபடி எழுதினேன். மூன்று வாரத்தில் ஒரே ஒரு மெசேஜ் வந்தது.

"நாலு ஜிபியா ப்ரோ?"