கொழும்பைச் சுற்றிப் பார்க்க காலா, காரா?

டிசம்பரில் கனடாவிலிருந்து சொந்தக்காரர் வந்து இறங்கியதும் வெள்ளவத்தை வீடுகளில் முதலில் கிளம்பும் வாக்குவாதம் இதுதான்: ஒரு வான் வண்டியைப் பிடித்து எல்லாவற்றையும் காட்டிவிடுவதா, இல்லை நடந்தே கூட்டிப்போவதா? போன முறை எங்கள் வீட்டில் இரண்டையும் செய்து பார்த்தோம். முதல் நாள் வானில் கடைத்தெருவான புறக்கோட்டை. ஒன்றரை மணி நேரம் உள்ளே இருந்தோம், அதில் பாதி ஒரு லொறியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி. கனடாவிலிருந்து வந்த மாமி கண்ணாடி வழியே எதையாவது காட்டி "தம்பி, அது என்ன?" என்று கேட்பார், நான் திரும்புவதற்குள் அது பின்னால் போயிருக்கும், இல்லாவிட்டால் பின்னால் நிற்பவர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருப்பார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. செலவு, நேரம், வெயில் எல்லாம் அப்புறம் பார்க்கிற விஷயம். நினைத்த இடத்தில் நிற்க முடிகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

புறக்கோட்டைக்கு அந்தக் கேள்வியை வைத்தால் காருக்கு வேலையே இல்லை. இரண்டாம் குறுக்குத் தெருவில் இருக்கிற சிவப்புப் பள்ளிவாசலை, அதாவது ஜாமிஉல் அல்ஃபாரை, எடுத்துக்கொள்ளுங்கள். 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்த கட்டடம். கார் யன்னலிலிருந்து பார்த்தால் சிவப்பும் வெள்ளையுமான ஒரு சுவர்தான் தெரியும், ஏனென்றால் தெரு அவ்வளவு ஒடுக்கம். எதிர்ப்பக்கக் கடை வாசலில் முதுகை ஒட்டி நின்று தலையை நன்றாக அண்ணாந்தால்தான் மாதுளம்பழ வடிவில் மேலே நிற்கும் குவிமாடங்கள் கண்ணில் படும், ஒரு தூணில் கோடு சுருளாக ஏறுவதும் அடுத்ததில் பல்லுப் பல்லாகப் போவதும் அப்போதுதான் தெரியும். சுமை தூக்கும் நாட்டாமிமார் வண்டியைத் தள்ளிக்கொண்டு "வழி, வழி" என்று வருவார்கள், ஒதுங்கிக்கொண்டு மறுபடி பார்க்கலாம்.

அங்கிருந்து செட்டியார் தெரு நடக்கிற தூரம்தான். நகைக்கடைகளுக்கு நடுவே பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும். ஆடிவேல் திருவிழாவுக்கு ரதம் இந்தத் தெருவிலிருந்துதான் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும், அதுவும் ஆள் நடக்கிற வேகத்தில், சந்திக்குச் சந்தி நின்று நின்று. இந்தப் பகுதியைப் பார்க்கச் சரியான வேகம் அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

தெரு முடிந்து கொச்சிக்கடைப் பக்கம் போனால் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். தந்தை பொன்னம்பல முதலியார் கட்டியதை சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுக் கருங்கல்லில் மறுபடி எழுப்பினார். இதற்குக் காரில் வருவதும் வசதிதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தார் ரோட்டு வெக்கையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, செருப்பைக் கழற்றி அந்தக் கல் தரையில் காலை வைக்கிறபோது உள்ளங்காலில் ஏறுகிற குளிர்ச்சி ஏசி வானிலிருந்து இறங்குகிறவருக்குக் கிடைக்காது. மாமி ஒரு தூணின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரம் எழும்பவே இல்லை. நாங்களும் அவசரப்படுத்தவில்லை, வெளியே யாரும் ஹோர்ன் அடிக்கவும் இல்லை.

நடையில் கஷ்டம் இல்லாமல் இல்லை. பதினொரு மணி தாண்டினால் வெயில் மண்டையைப் பிளக்கும். நடைபாதை முழுக்கச் சாமான் பரப்பியிருப்பார்கள். ஒக்டோபர், நவம்பர் என்றால் பின்னேர மழையை நம்பி வெளிக்கிடவே முடியாது. முழங்கால் வலிக்காரரை அழைத்துப் போவதென்றால் காலை எட்டரைக்குத் தொடங்கி, இடையில் ஒரு ஓட்டோவைப் பிடித்து மிச்சத் தூரத்தைக் கடந்துவிடுங்கள்.

கொழும்புக் கோட்டைப் பகுதியும் நடைக்குத்தான். அங்கே நடுரோட்டில் நிற்கிற மணிக்கூட்டுக் கோபுரத்தை தினமும் காரில் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு காலத்தில் வெளிச்சவீடாக இருந்தது தெரியும்? 1857இல் மணிக்கூட்டுக் கோபுரமாகக் கட்டினார்கள், வடிவமைத்தவர் அப்போதைய ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி. பத்து வருஷத்தில் மேலே விளக்கும் ஏறியது. 1952 வரை அது எரிந்தது.

கறுவாத்தோட்டப் பகுதியில் கார் பரவாயில்லை. அகலமான ரோடு, நிழல் மரங்கள், தேசிய நூதனசாலைக்குப் போனால் வாகனத்தை விட இடமும் உண்டு. 1877இல் திறந்த அந்த நூதனசாலையில் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் காலி நகரின் மும்மொழிக் கல்வெட்டைப் பாருங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்து நாட்டிய கல். 1409ஆம் ஆண்டுத் தேதி, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில், தலைப்பில் இரண்டு டிராகன்கள். தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையிலிருந்த தெனாவரை நாயனார் என்ற தெய்வத்தைப் போற்றுகிறது. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள்.

காலி என்றதும் அடுத்த வாக்குவாதம் வரும்: அதிவேகப் பாதையா, கடலோரப் பழைய ரோடா? அதிவேகப் பாதையில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் வழியில் விரும்பிய இடத்தில் நிற்க முடியாது. பழைய ரோட்டில் மூன்று மணி நேரம் போகும், எனக்கு அதுதான் பிடிக்கும். களுத்துறையில் வெள்ளரசு மரத்தடியில் ஒவ்வொரு வாகனமாக ஒதுங்கி உண்டியலில் காசு போட்டுவிட்டுப் போகும், அம்பலாங்கொடையில் முகமூடி செதுக்குகிறவர்களைப் பார்க்கலாம், இடையில் எங்கேயும் செவ்விளநீர் குடிக்கலாம். போகும்போது பழைய ரோடு, களைத்துத் திரும்பும்போது அதிவேகப் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலிக் கோட்டைக்குள் மட்டும் வாகனத்தை ஒரு ஓரம் விட்டே ஆகவேண்டும். காரில் வருகிறவர்கள் 1873இல் பிரிட்டிஷார் திறந்த புது வாசலால் நுழைந்து, பழைய வாசலைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். பழைய வாசலின் உட்பக்கம் போய் மேலே பாருங்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம், மேலே ஒரு சேவல், கீழே 1669. பாசி படிந்த கல், எழுத்தைத் தேடித்தான் வாசிக்க வேண்டும். அப்புறம் மதில் மேல் ஒரு சுற்று, அது பின்னேரம் நாலரைக்குப் பிறகு.

நாட்டுப்புறம் என்று வந்தால் கார் இல்லாமல் நடக்காது, இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கண்டி வீதியில் கடுகண்ணாவ ஏற்றத்தில் 1832இல் எழுப்பிய டோசன் கோபுரம், அந்த வீதியைப் போட்ட எஞ்சினியரின் நினைவாக. அதைத் தாண்டிக் கிளை ரோட்டில் இறங்கினால் கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்க என்ற மூன்று பழைய கோயில்கள். கடலாதெனிய விகாரையைக் கல்லில் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேஸ்வராச்சாரி. நம்முடைய கோயில் தூண்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த மண்டபம் அந்நியமாகவே தெரியாது.

இங்கே ஒரு காரியம் செய்யுங்கள். எம்பக்கவில் மரத்தூண்களைப் பார்த்து முடித்ததும் சாரதியிடம் "நீங்க லங்காதிலகவுக்குப் போய் நில்லுங்க அண்ணை, நாங்க நடந்து வாறம்" என்று சொல்லி வானை அனுப்பிவிடுங்கள். நடக்க முடியாதவர்கள் வானோடு போகட்டும். வயல் வழியாக ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், தூரத்துப் பாறை மேல் வெள்ளையாக விகாரை தெரியத் தொடங்கும், நெருங்க நெருங்கப் பெரிதாகும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமி முன்னமே பாறைக்கு ஏறியிருந்தார். பாறையில் வெட்டியிருந்த கல்வெட்டின் பக்கத்தில் குனிந்து நின்று, "இங்க வா தம்பி, இது தமிழ்தானே?" என்றார். தமிழ்தான், 14ஆம் நூற்றாண்டுத் தமிழ். வெயில் சாய்ந்திருந்ததால் எழுத்துக்குள் நிழல் விழுந்திருந்தது, ஒரு சொல்லை விரலால் தொடர்ந்து வாசிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.