புது காம்பி பாய்லரில் வெந்நீர் மெதுவாக வருகிறதா? வரத்து, அடைப்பு, திறன்: எதில் கோளாறு?

வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கும் குழாய் வெந்நீருக்கும் ஒரே பெட்டியாக வேலை செய்வது காம்பி பாய்லர். புதிதாக மாட்டிய காம்பியில் வெந்நீர் நூலாக வந்தால் பழி நேராக பாய்லர் மேல் விழுகிறது. ஆனால் உள்ளே இருக்கும் பம்ப் பாய்லருக்குள்ளும் ரேடியேட்டர்களிலும் சுற்றும் தண்ணீரை மட்டும்தான் தள்ளும். குழாய்க்கு வரும் வெந்நீரைத் தள்ளுவது மெயின் லைன் அழுத்தம். அதனால் கவரைக் கழற்றும் முன் ஒரு வாளியும் கடிகாரமும் எடுங்கள்.

வீட்டின் மற்ற குழாய்களை மூடிவிட்டு, சமையலறைக் குழாயில் 5 லிட்டர் பிடியுங்கள். முதலில் பச்சைத்தண்ணீர், பிறகு வெந்நீர். 30 நொடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 10 லிட்டர்.

இரண்டுமே மெதுவென்றால் வரத்துதான் குறை. வேலைக்காக மூடிய மெயின் வால்வை முழுதாகத் திறக்காமல் விட்டிருக்கலாம். குழாய்கள் மூடியிருக்கும்போது மெயின் லைனில் மாட்டிய அழுத்த கேஜ் நல்ல அழுத்தம் காட்டுவதை நம்பவே வேண்டாம். குழாயைத் திறந்தபின் முள் எவ்வளவு இறங்குகிறது என்பதே கணக்கு. இங்கே பெரிய பாய்லர் வாங்குவது வீண்செலவு.

பச்சைத்தண்ணீர் நன்றாக வந்து, வெந்நீர் மட்டும் எல்லாக் குழாயிலும் மெதுவாக, ஆனால் நல்ல சூட்டோடு வந்தால் வழியில் எங்கோ அடைப்பு. புது இணைப்பில் அதிகம் நடப்பது இதுதான். பைப் வெட்டிய செம்புத்தூளும் டெஃப்லான் டேப் துணுக்கும் பாய்லரின் பச்சைத்தண்ணீர் நுழைவாயிலில் உள்ள வலை ஃபில்டரில் போய் உட்காரும். பாய்லருக்கு அடியில் உள்ள பச்சைத்தண்ணீர் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கி, ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். கவருக்கு உள்ளே இருக்கும் மாடல் என்றால் உரிமம் உள்ள எரிவாயு பணியாளர்தான் தொட வேண்டும். வால்வின் திருகு வெட்டு பைப்புக்கு நேராக நிற்கிறதா என்றும் பாருங்கள்; குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது, சாய்ந்திருந்தால் பாதிதான் திறந்திருக்கிறது. ஒரே ஒரு குழாயில் மட்டும் மெதுவென்றால் அந்தக் குழாயின் முனை வலையையும் அதற்குப் போகும் வளையும் ஹோஸையும் பார்த்தால் போதும்.

தண்ணீர் தாராளமாக வந்து சூடு மட்டும் குறைந்தால் அது திறன் பிரச்சினை. கிலோவாட்டை 14.3-ஆல் பெருக்கி, ஏற்ற வேண்டிய டிகிரியால் வகுங்கள். 10 டிகிரியில் நுழையும் தண்ணீரை 45-க்கு ஏற்ற, 24 கிலோவாட் பாய்லர் நிமிடத்துக்குச் சுமார் 9.8 லிட்டர் தரும். 30 கிலோவாட் 12.3. நுழையும் தண்ணீர் 5 டிகிரிக்கு இறங்கினால் 24 கிலோவாட்டில் 8.6 லிட்டர்தான்.

பல பாய்லர்களில் நுழைவாயிலில் ஒரு ஓட்டக் கட்டுப்பாட்டு வளையமும் இருக்கும். அதைப் பிடுங்கினால் ஓட்டம் கூடும், சூடு குறையும். மேலே சொன்ன கணக்கைவிடச் சிறிய வளையம் போட்டிருந்தால் மட்டும் மாற்றுவது நியாயம். எங்கள் முதல் தேர்வு எப்போதும் ஃபில்டர்தான்.

வரத்துக் குறைக்கு அக்யூமுலேட்டர் டேங்கா, அழுத்தம் கூட்டும் பூஸ்டர் பம்பா? டேங்க், யாரும் புழங்காத நேரத்தில் தண்ணீரை அழுத்தத்தோடு சேர்த்து வைக்கும். இராத்திரி நல்ல அழுத்தம் வந்து காலையில் விழும் வீட்டுக்கு அதுவே சரி. மெயின் லைனில் நேராக பம்ப் வைக்கப் பல இடங்களில் விதிக் கட்டுப்பாடு உண்டு. அதோடு, தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் பைப்பே சிறியதாக இருந்தால் பம்புக்கு இழுக்கத் தண்ணீர் இருக்காது. அந்தப் பைப்பைப் பெரிதாக்கித்தான் ஆக வேண்டும்.