பாப், ஐமேப், ஜேமேப்: மூலப்படி யார் கையில்?

மின்னஞ்சல் செயலியில் கணக்கைச் சேர்க்கும்போது 'பாப்3 வேண்டுமா, ஐமேப் வேண்டுமா' என்று கேட்கும். செயலி அஞ்சலைப் பெறுவதற்கான இரு வழிமுறைகள் இவை. பலர் அதைப் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். உங்கள் அஞ்சலின் மூலப்படி சர்வரில், அதாவது அஞ்சல் சேவை நிறுவனத்தின் கணினியில், இருக்குமா, உங்கள் கணினியில் இருக்குமா என்பதே அங்கேதான் முடிவாகிறது.

பாப் 1984-இல் பிறந்தது. இன்று புழங்கும் மூன்றாம் பதிப்பின் விதிகள் 1996-இல் நிலைபெற்றன. தொலைபேசிக் கம்பி வழியே இணைந்து, வந்ததை அள்ளிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிடும் காலத்துக்கு ஏற்ற ஏற்பாடு அது. செயலி பட்டியலைக் கேட்கும், அஞ்சல்களை ஒவ்வொன்றாக இறக்கும், இறக்கியதை அழிக்கச் சொல்லும். ஆனால் வேலை முடிந்தது என்று சொல்லும் 'குவிட்' கட்டளை போய்ச் சேரும்வரை சர்வர் எதையும் உண்மையில் அழிப்பதில்லை. நடுவில் இணைப்பு அறுந்தால் எல்லாம் அங்கேயே பத்திரமாக இருக்கும். அருமையான முன்னெச்சரிக்கை! ஆனால் எதைப் படித்தீர்கள், எதற்குப் பதில் எழுதினீர்கள் என்பதெல்லாம் பாப்புக்குத் தெரியாது. கைபேசியில் படித்த அஞ்சல் மடிக்கணினியில் மறுபடி புதிதாகவே வந்து நிற்கும்.

ஐமேப்பை 1986-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்தார். இதில் மூலப்படி சர்வரிலேயே தங்கும். கருவிகள் அதைப் பார்க்கும் ஜன்னல்கள். படித்தது, பதில் எழுதியது என்ற குறிகளும் கோப்புறைகளும் எல்லாக் கருவிகளிலும் ஒன்றாகவே தெரியும். அஞ்சலில் என்னென்ன பகுதிகள் உள்ளன என்ற உள்ளமைப்பை மட்டும் முதலில் கேட்டுப் பெறலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். 20 எம்பி கோப்பு இணைத்து வந்த கடிதத்தில் நான்கு வரிச் செய்தியை மட்டும் இறக்கிப் படித்துவிடலாம். டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவருக்கு இது பெரிய உதவி.

புது அஞ்சல் வந்ததும் சொல்லும் 'ஐடில்' வசதி ஐமேப்பில் 1997-இல் சேர்ந்தது. அது திறந்திருக்கும் ஒரு கோப்புறையை மட்டுமே கவனிக்கும். 29 நிமிடத்துக்குள் செயலி அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். நாள் முழுவதும் இணைப்பைத் திறந்து வைத்திருப்பது கைபேசி பேட்டரிக்குச் சுமை.

இந்தக் குறையைத் தீர்க்க வந்த புதிய வழிமுறை ஜேமேப். 2019-இல் இணையத் தரநிலையானது. பல கட்டளைகளை ஒரே கோரிக்கையில் அனுப்பலாம். 'கடைசியாகப் பார்த்ததிலிருந்து என்ன மாறியது' என்று மட்டும் கேட்கலாம். இணைப்பைத் திறந்தே வைக்காமல் அறிவிப்பும் பெறலாம். கைபேசிக்கு இதுவே சரியான வழி என்பேன். ஆனால் ஃபாஸ்ட்மெயில் போன்ற சில சேவைகளில்தான் கிடைக்கிறது. ஜிமெயில் பயனருக்கு இன்று இந்த வாய்ப்பு இல்லை.

ஆகவே, இரண்டு கருவிகள் இருந்தாலே ஐமேப்தான். ஆனால் அதைக் காப்புப்படி என்று நம்பாதீர்கள். கைபேசியில் கைதவறி அழித்தது எல்லா இடத்திலும் அழியும். கணக்கு முடங்கினால் உங்களிடம் மிஞ்சுவது செயலி ஏற்கெனவே இறக்கிவைத்தது மட்டுமே. பழைய பாப்புக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. வீட்டுக் கணினி ஒன்றில் அதே கணக்கை பாப்பிலும் இணைத்து வையுங்கள். முதல்முறை இறக்குவதற்கு முன்பே 'சர்வரில் நகலை விட்டுவை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். செயலி அமைப்பில் போர்ட் (இணைப்பு வாயில்) எண் கேட்டால், பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் கொண்ட 995-ஐயே கொடுங்கள். பாப் பொதுவாக இன்பாக்ஸை மட்டுமே பார்க்கும் என்பதால், அனுப்பிய அஞ்சல்களைத் தனியே சேமித்துக்கொள்ள வேண்டும்.